உங்கட ஆட்டைத் திவசத்தை முன்னுக்கு எடுத்தோம்

இஞ்சாருங்கோ,

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகாத வாய். இப்பவும் அதே கூப்பாடுதான் வருகிறது. எங்கே இருந்தாலும் “என்னப்பா?” என்று கேட்பீர்கள், அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முடி இன்னும் காயவில்லை. காதுக்குள் கடல் தண்ணீர் நிற்கிறது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளிப் பார்த்தேன். உங்கட அம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்து, “என்ன பிள்ளை, உரு வந்திட்டுதோ?” என்று கேட்கிறா. வந்த மாதிரித்தான் இருக்கிறது. எழுத்தைப் பாருங்கோ, கோணல் மாணலாகப் போகிறது.

இன்றைக்கு நிலாவெளியில் சோதனை. ஓம், எனக்குத்தான். சல்லிக் கரையில் பிறந்து, சல்லிக் கரையிலேயே கலியாணம் முடித்து, முழங்காலுக்கு மேலே கடல் படாமல் இவ்வளவு காலமும் சீவித்த உங்கட மனுசிக்கு நீச்சல் சோதனை. சுற்றுலா வருகிறவர்களைத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போய், கையைப் பிடித்துப் பவளப்பாறை காட்டுகிற வழிகாட்டி வேலைக்கு. என்ன நடந்தது என்பதை இப்பவே சொல்ல மாட்டேன். சொன்னால் மிச்சத்தைக் கேட்காமல் எழும்பிப் போய்விடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

அதற்கு முதல் ஒரு விசயம், கோவிக்காதேங்கோ. போன வெள்ளிக்கிழமை உங்களுக்கு, வருசம் முடியச் செய்கிற ஆட்டைத் திவசத்தைச் செய்து முடித்துவிட்டோம். நீங்கள் போய் வருசம் இன்னும் ஆகவில்லை, அது தெரியும். முன்னுக்கு எடுத்துச் செய்தோம். எடுத்தது நானில்லை. உங்கட அம்மா. நம்புகிறீர்களா?

நம்பமாட்டீர்கள். முதலில் இருந்தே சொல்கிறேன்.

நீங்கள் போன ஆனியில், போட்டைக் கரையில் ஏற்றிவிட்டு, எஞ்சினைக் கழற்றிக்கொண்டு நின்றபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் குந்திவிட்டீர்கள். உங்கட தம்பி ஓட்டோ பிடிக்க ஓடினான். ஓட்டோ வந்தது. நீங்கள் வரவில்லை. அன்று காலையிலும் “அடுத்த சீசனுக்கு…” என்று ஏதோ தொடங்கினீர்கள். தேத்தண்ணி ஆறுது, முதல் குடியுங்கோ என்று நான் இடையில் வெட்டிவிட்டேன். அது என்ன கதை? இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். போட்டுக்குப் புதுக் கூரையா? சுற்றுலாக்காரருக்குக் கணவாய்ப் பொரியல் கடையா? உங்கட அடுத்த சீசன்கள் எல்லாம் நடந்திருந்தால் நிலாவெளி முழுக்க இப்ப எங்களுடையதாக இருந்திருக்கும்.

ஆனால் ஒரு கதையை அடிக்கடி சொல்வீர்கள். நீங்கள் போட்டில் ஏற்றிப்போகிற சுற்றுலாக்காரர் தீவில் இறங்கினதும் ஆம்பிளைகள் முகமூடியை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விடுவார்கள். பெண்கள் மணலில் குந்தியிருந்து பையையும் செருப்பையும் காப்பார்கள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக ஒரு பெண் இல்லை. “பாவமப்பா, காசு குடுத்து வந்து செருப்பைப் பாத்திட்டுப் போகுதுகள். அடுத்த சீசனுக்கு ஒரு பொம்பிளையைப் பழக்கி எடுக்கவேணும். நீர் பழகுமன்?” என்று ஒரு நாள் கேட்டீர்கள். “அப்ப கருவாட்டை ஆர் புரட்டுறது?” என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனோம்.

இந்தத் தையில், மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில், கிண்ணியாவில் இருந்து ஒரு பிள்ளை எங்கட கரைக்கு வந்தாள். பெயர் பர்ஹானா. தலையில் முக்காடு, காலில் ஓடுகிறவர்கள் போடுகிற சப்பாத்து. பெண்களுக்கு இலவசமாக நீச்சல் பழக்குகிறாளாம். நாங்கள் கருவாடு பரப்பிக்கொண்டிருந்த இடத்தில் வந்து நின்று, “அக்காமார், உங்கள்ல யாருக்கு நீந்தத் தெரியும்?” என்று கேட்டாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கடல் ஆம்பிளைகளுக்கு, கரை எங்களுக்கு. இதைத் தெரியாமல் கேட்கிறாளே என்று சிரிப்பு.

அவள் கோவிக்கவில்லை. “தீவுக்கு வாற பொம்புளைகள் எல்லாம் மணல்ல பேக்கக் காத்துக்கிட்டு இரிக்காங்க அக்கா. அவங்களக் கூட்டிப் போக யாரும் இல்ல” என்றாள்.

என் கை மீனுக்கு மேலே அப்படியே நின்றது. இது உங்கட கதை அல்லவா? வார்த்தைக்கு வார்த்தை உங்கட கதை! யோசிக்கிறதுக்கு முதலே என் வாய் “நான் வாறன்” என்று சொல்லிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு என் வெறும் நெற்றியைப் பார்த்தார்கள்.

பழக்கம் டவுனில். துறைமுகப் பக்கத்து உள்குடாவில். அந்தத் தண்ணீருக்கு மாரியிலும் கோபம் வராது. பர்ஹானா எனக்குக் கழுத்தில் இருந்து கால்வரை மூடின நீச்சல் உடுப்பு ஒன்று தந்தாள். போட்டுக்கொண்டு நின்றபோது விலாங்கு மீன் மாதிரி இருந்தேன். பயம் வேறு. மீன்பிடிக் குடும்பத்து மூளை என்ன செய்யும்? உங்கட வலை மிதப்புகளில் பெரியதாகப் பார்த்துக் கோர்த்துக்கொண்டு போயிருந்தேன். இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, தாழமாட்டேன் என்ற துணிவில் இறங்கினேன். இடுப்பு மிதந்ததுதான். அதோடு காலும் மேலே வந்தது. தலை மட்டும் கீழே போனது! வலையை மிதக்க வைக்கிறது மனுசியை மிதக்க வைக்காது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. பர்ஹானா என்னை இழுத்து நிமிர்த்திவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் தானே தண்ணீருக்குள் குந்திவிட்டாள்.

மிதக்கப் பழகினேன். பிறகு கால் அடிக்கப் பழகினேன். ஒன்றுமட்டும் சரிவரவில்லை. நாலு எட்டுப் போனதும் தலையைத் தூக்கித் திரும்பிப் பார்ப்பேன். கரை இருக்கிறதா என்று. தலை தூக்கினால் கால் தாழும். கால் தாழ்ந்தால் முழுவதும் தாழும். ஒவ்வொரு முறையும் உப்புத் தண்ணீர் குடித்து, தும்மி, இருமி எழும்புவேன்.

“அக்கா, கரை எங்கயும் போகாது. அது இருந்த இடத்திலதான் இரிக்கும். நீங்க போற பக்கம் பாருங்க” என்பாள் பர்ஹானா. சொல்வது லேசு. எனக்குப் பின்னால் நின்ற எல்லாம் திரும்பிப் பார்க்கிறதுக்குள் போய்விட்டதே என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்?

வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனேன் என்று கேட்கிறீர்களா? இதுதான் பெரிய கூத்து.

ஆள் தவறின வீட்டில் வருசம் முடியும்மட்டும் ஒன்றும் தொடங்கக் கூடாது. கோயில் இல்லை, பொங்கல் இல்லை, கலியாண வீடு இல்லை. முதல் நாள் தலை ஈரத்தோடு பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு வந்தேன். உங்கட அம்மா என் தலையைப் பார்த்தா. வெளியில் போய்த் தலை முழுகிக்கொண்டு வந்தால் எங்கட ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தானே?

“ஆற்ற செத்தவீடு பிள்ளை?” என்று கேட்டா.

சத்தியமாக நான் பொய் யோசித்துக்கொண்டு வரவில்லை. அவவே வாயில் தந்துவிட்டா. துக்க வீட்டுக்காரர் தடையில்லாமல் போகக்கூடிய ஒரே இடம் இன்னொரு துக்க வீடு. “பாலையூத்திலை, என்ட அம்மாவுக்குத் தெரிஞ்ச ஒரு மனுசி, மாமி” என்றேன். அடுத்த கிழமை மறுபடியும் ஈரத் தலை. “அந்த மனுசியின்ட புருசனும் போயிட்டார், பிள்ளையள் தனிச்சுப் போச்சுதுகள்” என்றேன். “ஐயோ முருகா, ஒரு கிழமைக்குள்ளையோ!” என்று தலையில் கை வைத்தா. அதற்கடுத்த முறை பக்கத்து வீட்டுக்காரர். பிறகு அவருடைய தமையன். பாலையூற்று மக்கள் என்னை மன்னிக்கவேண்டும், ஒரு மாரிக்குள் அரைவாசித் தெருவை முடித்துவிட்டேன்.

“பாலையூத்திலை என்ன பிள்ளை நோய்? இனி ஆள் மிச்சமிருக்கோ?” என்று கேட்டபோது சிரிப்பை அடக்கக் கிணற்றடிக்கு ஓடினேன்.

சிரிப்பு நெடுக நிற்கவில்லை. ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், மாமி நல்ல சீலை உடுத்து, பையில் அரிசியும் மரக்கறியும் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறா. “அந்தத் தாய் தேப்பன் இல்லாத பிள்ளையளைப் பாக்கவேணும். முப்பத்தொண்டாம் நாள் காரியம் வரப்போகுது. வா, வீட்டைக் காட்டு” என்றா. கண் கலங்கியிருந்தது. உங்களை இழந்த மனுசி, நான் கற்பனையில் பெற்றுப்போட்ட பிள்ளைகளுக்காக அழுகிறா. எனக்குத் தாங்க முடியவில்லை. இருந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீச்சல், பர்ஹானா, விலாங்கு உடுப்பு, எல்லாம்.

மாமி பையைக் கீழே வைத்தா. பிறகு, “அப்ப அந்த மனுசி உயிரோடையோ?” என்று கேட்டா.

“அப்பிடி ஒரு மனுசியே இல்லை மாமி.”

“நான் ரெண்டு நாள் அழுதனான்” என்று சொல்லிவிட்டு, அரிசியைத் திரும்பப் பானைக்குள் கொட்டப் போனா.

நீந்துகிறதற்கு ஏசுவா என்று பார்த்தேன். ஏசவில்லை. “பழகிறதெண்டால் பழகு, பழக்கத்திலை என்ன கிடக்கு” என்றா. ஆனால் சோதனை வைகாசியில் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. உங்களுக்கு வருசம் முடிவது ஆனியில். “வருசம் முடியாமல் புதுசா ஒரு தொழில் தொடங்கேலாது. அடுத்த முறை எடு.”

“அடுத்த முறை அடுத்த சீசன்தான் மாமி. மற்றப் பிள்ளையளை எடுத்துப்போடுவினம். பிறகு எனக்கு இடமிருக்குமோ தெரியாது.”

“இல்லாட்டில் போகட்டும். என்ட பிள்ளைக்கு இதுகூடச் செய்யாட்டில் ஊர் என்ன கதைக்கும்?”

நமக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தால் இடையில் நின்று கதைத்திருக்கும். இருந்தது நானும் அவவும். நாலைந்து நாள் வீட்டில் சட்டி பானைச் சத்தம் மட்டும்தான். நான் பழகப் போகவில்லை. பர்ஹானா தொலைபேசியில் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவேன் என்று பயம். சொல்லுங்கோ, உங்களுக்கு மரியாதை செய்கிறது எது? உங்கட வருசத்தை முடிக்கிறதா? உங்கட அடுத்த சீசனைத் தொடங்குகிறதா?

பிறகு ஒரு காலையில் இரண்டு பேரும் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தோம். மாமி மீனைப் பார்த்துக்கொண்டே, ஏதோ உப்பு விலை கதைக்கிற மாதிரி, கதைக்கத் தொடங்கினா.

“உன்ட மாமா போகேக்கை எனக்கு உன்னை விட வயசு குறைவு. இவன் கைப்பிடியிலை, சின்னவன் இடுப்பிலை. டவுனிலை தையல் பழக்கிற ரீச்சர் ஒரு ஆள், எனக்கு இடம் வைச்சிருக்கிறன் வா எண்டு சொன்னவ. எனக்கு நல்ல ஆசை. வருசம் முடியட்டும் எண்டு சொல்லிச்சினம். சரியெண்டு இருந்தனான். வருசம் முடிய இடம் போயிட்டுது. பிறகு மழை. பிறகு இவன்ட பள்ளிக்கூடம். பிறகு என்னெண்டு தெரியேல்லை.”

ஒரு மீனை எடுத்தா. புரட்டாமல் கையிலேயே வைத்திருந்தா.

“என்ட வருசம் இன்னும் முடியேல்லை பிள்ளை.”

இந்தக் கதை உங்களுக்குத் தெரியுமா? உங்கட சட்டைகளுக்கு அவ கையால் பொத்தான் தைக்கிற நேர்த்தியைப் பார்த்து ஒரு நாளாவது கேட்டீர்களா? நானும் கேட்டதில்லை. நான் அவவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவ அழவில்லை. கையை உதறிவிட்டு, கால் முகம் கழுவி, சீலை மாற்றி, குடையை எடுத்துக்கொண்டு படலையைத் திறந்தா. ஆள் செத்த துடக்கு வீடு, கோயிலுக்குள் போகேலாது. நேரே ஐயர் வீட்டு வாசலுக்குப் போனா. நான் பின்னால் ஓடினேன்.

“ஐயா, என்ட பிள்ளையின்ட ஆட்டைத் திவசத்தை முன்னுக்கு எடுக்கவேணும்.”

ஐயருக்கு அது புதிதில்லை. வீட்டில் கலியாணம் ஒன்று சரிவந்தால் முன்னுக்கு எடுத்துச் செய்கிற வழக்கம் இருக்கிறதுதானே. பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு, “ஆருக்கம்மா கலியாணம்?” என்று சாதாரணமாகக் கேட்டார்.

“கலியாணம் இல்லை. மருமகளுக்கு நீச்சல் சோதினை.”

ஐயர் என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், பஞ்சாங்கத்தைப் பார்த்தார். அதில் நீச்சலுக்கு ஒன்றும் போட்டிருக்காது.

“ஒரு பிள்ளை புது வீட்டுக்குப் போறதுக்கு முன்னுக்கு எடுக்கலாமெண்டால், இருக்கிற வீட்டிலை எழும்பி நிக்கிறதுக்கும் எடுக்கலாம்தானே ஐயா?” என்று உங்கட அம்மா கேட்டா. ஐயர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். “கேக்கிறதிலை நியாயம் இருக்கு” என்று சொல்லி, நாள் பார்த்துத் தந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை தம்பி உங்களுக்குச் செய்யவேண்டியதெல்லாம் செய்தான். மரக்கறிச் சாப்பாடுதான். கணவாய் இல்லை என்று முகத்தைச் சுளிக்காதேங்கோ. ஊர் கதைத்தது, கதைத்துக்கொண்டே வந்து சாப்பிட்டது, இரண்டாம் முறை சோறும் கேட்டது.

இனி இன்றைக்கு.

இப்போது தம்பி ஓட்டுகிற உங்கட போட்டில்தான் போனோம். ஆழத்தில் குதித்து, தூரத்தில் மிதந்த சிவப்பு மிதவையைச் சுற்றி, அங்கே தாழுகிற மாதிரி நடிக்கிற ஒருவரை இழுத்துக்கொண்டு கரைக்கு வரவேண்டும். நடிக்கிற ஆள் பர்ஹானா. குதித்தேன். மூக்கு, வாய், காது எல்லாம் கடல். நிமிர்ந்து கால் அடித்தேன். வழக்கம்போல பின்னால் ஒரு முறை பார்க்கவேணும் என்று கழுத்து இழுத்தது. பிடிவாதமாக முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன்.

வைத்துவிட்டுக் கண்ணைத் திறந்தால், இஞ்சாருங்கோ, என்னத்தைச் சொல்ல! ஒரு கூட்டம் சூடை. வாழ்நாள் முழுக்க நான் தொட்ட மீன். கீறி, உப்பிட்டு, பாயில் பரப்பி, புரட்டின மீன். உயிரோடு நீந்துகிறதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்! எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் திரும்புகிறது, வெயில் பட்டுப் பளிச்சென்று மின்னுகிறது, மறுபடியும் திரும்புகிறது. எனக்குக் கீழே ஒரு ஊரே நடக்கிறது. இதையா நீங்கள் தினமும் பார்த்துவிட்டு வந்து, பேசாமல் தேத்தண்ணி குடித்தீர்கள்? தண்ணீருக்குள்ளேயே சிரித்துவிட்டேன். மூக்கால் குமிழி போனது.

அந்தப் பரபரப்பில் மிதவை எப்போது வந்தது என்றே தெரியவில்லை. சுற்றினேன். பர்ஹானா கைகளை அடித்துத் தாழுகிற மாதிரி நன்றாகவே நடித்தாள். அவள் தாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரையை நோக்கி வந்தேன். இப்போது கரை எனக்கு முன்னால் இருந்தது. வெள்ளைச் சீலையில் ஒரு உருவம் தெரிந்தது. மாமி. மணலில் இருந்து பையைக் காத்துக்கொண்டு இருக்கச் சொல்லித்தான் விட்டுவிட்டுப் போனேன். பையும் செருப்பும் மணலில் தனியே கிடந்தன. அவ முழங்கால் தாண்டின தண்ணீருக்குள், துவாயைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இஞ்சை, இஞ்சை, இஞ்சை பாத்து வா!” என்று கத்திக்கொண்டு நின்றா.

சோதனை வைக்க வந்த ஐயா தலையை ஆட்டி, பெயருக்கு நேரே சரி போட்டார். ஓம், பாஸ்! உங்கட மனுசி பாஸ்! தம்பி போட்டில் நின்று விசிலடித்தான். பர்ஹானா என்னைக் கட்டிப்பிடித்து, “நீங்க ஒருக்காலும் திரும்பிப் பாக்கல அக்கா!” என்று கத்தினாள்.

மாமி வந்து துவாயால் என் தலையைத் துவட்டத் தொடங்கினா. வேகமாக, பிடரி நோகத் துவட்டினா. பிறகு குனிந்து என் முகத்தைப் பார்த்து, சிரிப்பைக் கடைவாயில் வைத்துக்கொண்டு கேட்டா.

“இண்டைக்கு ஆர் பிள்ளை செத்தது?”

“இண்டைக்கு ஒருத்தரும் சாகேல்லை மாமி” என்றேன்.

இரண்டு பேரும் அந்த மணலில் இருந்து சிரித்தோம். சிரிப்பு அழுகையாகி, பிறகு மறுபடியும் சிரிப்பானது. வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

பஸ்ஸில் வரும்போது அவவின் சீலைக் கரையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தா. சல்லிச் சந்தி கிட்ட வரும்போது, என்னைப் பாராமலே, “அடுத்த சீசனுக்கு நானும் அந்தத் தீவுக்கு வாறன். என்ட பிள்ளை என்னத்தைப் பாத்துக்கொண்டு திரிஞ்சவன் எண்டு ஒருக்காப் பாக்கவேணும்” என்றா.

அடுத்த சீசன். உங்கட சொல், அவவின் வாயில். அந்த மனுசி நாளைக்கு என்று ஒன்றைப் பற்றிக் கதைத்து நான் கேட்டதே இல்லை. அன்று காலையில் நீங்கள் சொல்லத் தொடங்கின கதை இதுவாக இருக்குமா? இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இனி அது இதுதான்.

நாளைக்கு எனக்கு முதல் வேலை. கிண்ணியாவில் இருந்து ஒரு குடும்பம், தாயும் மகள்மாரும். மணலில் ஒருவரையும் இருக்க விடமாட்டேன். செருப்பைச் செருப்பே காக்கட்டும்.

ஒரு வாக்குத் தருகிறேன். உங்கட அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கப் பண்ணி, அந்தச் சூடைக் கூட்டத்தைக் காட்டுவேன். அதோடு இன்னொன்று. இனி நான் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. அதனால் நீங்களும் பின்னால் நின்று காத்துக்கொண்டிருக்காதேங்கோ.

முன்னுக்கு வாங்கோ. நான் பார்க்கிற பக்கம் வந்து நில்லுங்கோ.

ஈரத் தலையோடு,
உங்கட மனுசி
வதனி
சல்லி